நாக்குக்கு அடியில் நான்கு உருண்டை

என்னைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, நான் வாழாவெட்டி. இன்னொன்று, நான் ஒரு கல்யாணத்தை நிறுத்தியவள். முதலாவது என்மேல் வந்து விழுந்தது. இரண்டாவதை நானே யோசித்து, பஸ் பிடித்துப் போய்ச் செய்தேன். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. இதைப் படிக்கிறவர்கள் கடைசியில் என் மனம் இளகும் என்று காத்திருக்க வேண்டாம். இளகவில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் வேலை. பட்டாசு லேபிள், தினசரிக் காலண்டர், கடைத் திறப்பு நோட்டீஸ், எது வந்தாலும் அச்சுக்குப் போகும் முன் என் மேசைக்கு வரும். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடைத்து என்னை விருதுநகரில் தமிழ் படிக்க வைத்தாள். எங்கள் வீட்டில் கருமருந்தில் கை வைக்காத முதல் ஆள் நான். மாப்பிள்ளையும் அப்படியே வேண்டும் என்று அம்மா தேடிப் பிடித்தாள். காலண்டர் ஆர்டர் எடுக்கிறவன். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வந்ததும் பை நிறைய மாதிரிப் படங்களோடு வடக்கே ரயில் ஏறுவான், கார்த்திகையில்தான் திரும்புவான். வெள்ளைச் சட்டை, சுத்தமான நகம். அம்மாவுக்கு அந்த நகம் போதுமானதாக இருந்தது.

அப்போதெல்லாம் அவனை நான் 'அவர்' என்றுதான் சொல்வேன். இங்கே அவன் என்றே எழுதுகிறேன்.

கல்யாணமான இரண்டாவது கார்த்திகையில் அவன் ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகியிருக்கும். எனக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் தொடங்கியது. பிறகு மஞ்சளாக, வாடையோடு வெள்ளைப்படுதல். அடிவயிற்றில் வலி. நாற்காலியில் நேராக உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து காலண்டரில் ராகுகாலம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவனிடம் சொன்னேன். அவன் முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடியது. அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

"சூடாத்தான் இருக்கும்," என்றான். "பெரியாஸ்பத்திரிக்கெல்லாம் போக வேணாம். அங்கன போனா நாலு பேரு முன்னாடி சத்தமாக் கேப்பாக. எனக்குத் தெரிஞ்ச ஓமியோபதி டாக்டர் ஒருத்தர் இருக்காரு. ஊசி கிடையாது, டெஸ்ட் கிடையாது. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

யாருக்கும் தெரியாது என்ற சொல் எனக்கும் அப்போது பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு பேப்பர் கடைக்கு மேலே மாடியில் அந்த அறை. வாசலில் டாக்டர் என்று போர்டு. சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ். அறுபது வயதுக்காரர், தோய்த்து மடித்த வேட்டி, காதோடு பேசுகிற மாதிரி மெல்லிய குரல். முதலில் அவன் மட்டும் உள்ளே போய்ப் பத்து நிமிடம் பேசினான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"உங்களுக்குத் தாகம் எப்படிம்மா? கொஞ்சம் கொஞ்சமாக் குடிப்பீங்களா, மடமடன்னு குடிப்பீங்களா?"

"ஜன்னல் திறந்திருந்தா பிடிக்குமா, சாத்தியிருந்தா பிடிக்குமா?"

"கனவுல தீ வருதா?"

எங்கள் ஊரில் யாருக்குத்தான் தீ கனவில் வராது? அம்மா வேலை பார்க்கும் கம்பெனி எரிகிற மாதிரியும், நான் வெளியே நின்று செருப்புகளில் அம்மாவின் செருப்பைத் தேடுகிற மாதிரியும் சின்ன வயதிலிருந்து வரும் என்றேன். அதை அவர் ஒரு நோட்டில் மெதுவாக எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கனவைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. முக்கால் மணி நேரம் பேசினார். வலி எந்த இடம் என்று தொட்டுப் பார்க்கவில்லை. ரத்தம், சிறுநீர் எதுவும் கேட்கவில்லை. என் கணவன் எங்கெல்லாம் போய் வருகிறான் என்றும் கேட்கவில்லை. அதெல்லாம் எனக்கு மரியாதையாகப் பட்டது.

"உடம்புல சூடு தங்கிப் போச்சும்மா. வேர்ல இருந்து எடுப்போம்," என்றார்.

கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள். காலையில் நான்கு, மாலையில் நான்கு, நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். கையால் தொடக்கூடாது, மூடியில் தட்டி வாயில் போட வேண்டும். காபி கூடாது. பூண்டு கூடாது. கற்பூர வாசம் படவே கூடாது, மருந்து முறிந்துவிடும். பிள்ளை உண்டாக வேண்டும் என்று மாமியார் என்னை இருக்கன்குடி அம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போனார். ஆராதனைத் தட்டு வந்தபோது நான் முந்தானையால் மூக்கை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஆத்தா முன்னாடி மூஞ்சியத் திருப்புறவளுக்கு எங்கன இருந்து வயிறு தெறக்கும்?" என்று அங்கேயே கேட்டார். அந்த வார்த்தையைக் கூட மருந்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

எட்டு மாதம். எரிச்சல் தானாகக் கொஞ்சம் குறைந்தது. மருந்து கேட்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அடிவயிற்று வலி கூடிக்கொண்டே வந்தது. மாதவிலக்கு வந்தால் எழுந்து நிற்க முடியாது. அவன் என்னோடு படுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். ஓமியோபதிக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"நல்ல அறிகுறிம்மா," என்றார். "உள்ள இருக்கிறது வெளிய வரும்போது வலி கூடத்தான் செய்யும். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயப்படாதீங்க."

பயப்படவில்லை. வலிக்க வலிக்க நம்பினேன்.

ஒரு நாள் மத்தியானம் அச்சகத்தில் குளிர் தூக்கிப்போட்டது. பழுப்புப் பேப்பர் சுற்றிய ரீம்களுக்கு நடுவில் விழுந்துவிட்டேன். மடிப்பு மிஷினில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி, நாற்பது வயது, வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

என் கணவன் பயமுறுத்திய மாதிரி அங்கே யாரும் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. திரை போட்டு மறைத்து ஒரு பெண் டாக்டர் பரிசோதித்தார். வயிற்றில் கை வைத்ததும் நான் கத்தினேன். கர்ப்பப்பைக் குழாயில் சீழ் கட்டியிருந்தது. பத்து நாள் ஊசியும் டிரிப்ஸுமாகக் கிடந்தேன். ரத்தம் எடுத்து எல்லாம் பார்த்தார்கள். எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எப்படி வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சூடுன்னு சொன்னாக."

"சூடு இல்ல. இது ஆண்கிட்ட இருந்து பெண்ணுக்கு, பெண்கிட்ட இருந்து ஆணுக்குன்னு உறவுல ஒட்டுற கிருமி. எம்புட்டு நாளா இருக்கு?"

எட்டு மாதம் என்றேன். என்ன மருந்து என்று கேட்டார். கைப்பையில் இருந்த சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். அதை ஆட்டிப் பார்த்துவிட்டு மெத்தைமேல் வைத்தார்.

"இந்த நோய்க்குக் கிருமியைக் கொல்ற மருந்துதான் வேணும்மா. முதல்லயே வந்திருந்தா ஒரு ஊசியும் கொஞ்ச நாள் மாத்திரையுமா முடிஞ்சிருக்கும். இதுல இருக்கிறது சீனி. எட்டு மாசம் கிருமி அதுபாட்டுக்கு மேல ஏறியிருக்கு." பிறகு குரலைத் தணித்து, "உங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க. அவருக்கும் மருந்து குடுக்கணும். இல்லேன்னா திரும்ப வரும்," என்றார்.

மாலையில் அவன் வந்தான். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தான். வார்டுக்கு வெளியே வராந்தாவில், மற்ற நோயாளிகளின் ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கு கழுவிக்கொண்டிருந்த குழாய்க்குப் பக்கத்தில் நின்று அவனிடம் சொன்னேன்: "உங்களுக்கும் மருந்து வேணுமாம். டாக்டர் கூப்புடுதாக."

"எனக்கு எதுக்கு?" என்றான் பட்டென்று. "நான்தான் அங்கன இருக்கும்போதே ஊசி போட்டுக்கிட்டேனே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"எங்கன இருக்கும்போது?"

"சத்தம் போடாத."

"நான் சத்தமே போடலையே. எங்கன?"

வடக்கே ஆர்டர் எடுக்கப் போன ஊரில். லாட்ஜில் தங்கியிருந்தபோது அவனுக்கு எரிச்சல் வந்திருக்கிறது. உடனே ஒரு நல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு, மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறான். மருந்து முடியும்வரை பொறுக்கவில்லை. அதற்குள் ஊருக்கு வந்து என்னோடு படுத்திருக்கிறான். எனக்கு எரிச்சல் என்று சொன்ன அன்றே அவனுக்குத் தெரியும்.

"அந்த ஓமியோபதிக்காரருக்குத் தெரியுமா?"

"அவருகிட்டச் சொல்லித்தானே உன்னக் கூட்டிட்டுப் போனேன். சூடுன்னு சொல்லிக்கிடலாம், குடும்பம் கலைய வேணாம்னு அவருதான் சொன்னாரு. உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் இம்புட்டும்."

அவனுக்கு ஊசி. எனக்குச் சீனி. அந்தப் பத்து நிமிடம் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்னைப் பற்றி இரண்டு ஆண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். சாத்துக்குடிப் பையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அந்த வராந்தாவில்தான் எனக்குள் அது தொடங்கியது. அதை நியாயம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. பழி என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல் எனக்குப் பொருத்தமாகவே இருந்தது.

பிறகு மதுரையில் சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். கர்ப்பப்பைக் குழாய் இரண்டும் அடைத்திருந்தன. பிள்ளைக்கு வழியில்லை என்றார்கள்.

மாமியார் வீட்டில் விஷயம் வேறு மாதிரி சொல்லப்பட்டது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவன் தன் அம்மாவிடம், நோய் என்னிடமிருந்து வந்தது என்று சொல்லிவிட்டான். கல்லூரிக்குப் போனவள், அச்சகத்தில் ஆண்களோடு வேலை பார்க்கிறவள். நம்ப ஆளில்லாமலா போகும்? பெரியவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். என் அம்மா பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி போகாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்த சீக்கு," என்றார் மாமியார். "எம்பிள்ளையக் காப்பாத்திக் குடுத்தது ஆத்தாதான்."

நான் அவனைப் பார்த்தேன். "ஊசி போட்டதைச் சொல்லுங்க," என்றேன். அவன் தரையைப் பார்த்தான். ஒரு பெரியவர், "பொம்பள இதெல்லாம் சபையில பேசுறதா?" என்று அதட்டினார். அன்றைக்கே எங்கள் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். என் துணிமணியும் ஒரு பீரோவும் ஒரு மினி லாரியில் திரும்பி வந்தன.

இரண்டு வருடம் ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தெரியவில்லை. அச்சகத்துக்குப் போவேன், வருவேன். அம்மா அழுவாள்; நான் அழ மாட்டேன். குளிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் இரண்டு பேரின் முகத்தையும் மனதில் கொண்டுவந்து பார்த்துக்கொள்வேன். மறந்துவிடக்கூடாது என்று.

ஒரு வைகாசியில் மேசைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. 'ரகசிய நோய்களா? வெள்ளைபடுதலா? வெளியில் சொல்ல வெட்கமா? ஊசி இல்லை. ரத்தப் பரிசோதனை இல்லை. பக்கவிளைவு இல்லை. குணம் நிச்சயம். ஓமியோபதி.' கீழே பேப்பர் கடை மாடி முகவரி.

கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. 'வெள்ளைபடுதலா' என்பதில் ஒற்று விட்டுப் போயிருந்தது. அதைச் சேர்த்தேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. ஓர் எழுத்தை மாற்றினால் போதும், ஊரே சிரிக்கும்படி செய்துவிடலாம். 'குணம் நிச்சயம்' என்பதை 'பணம் நிச்சயம்' ஆக்கலாம். நிஜமாகவே ஆசையாக இருந்தது. பிறகு யோசித்தேன். சிரித்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். இந்தத் தாள் பிழையில்லாமல் இருக்க வேண்டும். கடைசி நிறுத்தக்குறி வரை சரிபார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாகப் புரூஃப் பார்த்ததில்லை.

எங்கள் அச்சகத்தில் ஆர்டர் கொடுத்தவர் புரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சு ஓடும். மறுநாள் அவரே வந்தார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. என் கனவை நோட்டில் எழுதிக்கொண்ட மனிதருக்கு என் முகம் நினைவில்லை.

"ஒற்றெல்லாம் சரியாப் போட்டிருக்கீங்களேம்மா," என்று பாராட்டினார். 'ஓகே' என்று எழுதி, கீழே டாக்டர் என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயர் உட்பட. அவர் மேசைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அச்சு ஓட வேணாம்," என்றார் கடைசியில். "அந்தத் தாளை நீயே வச்சுக்க. கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லு." அவர் நல்லவர் என்பதால் செய்தாரா, அச்சகத்துக்கு வம்பு வரும் என்று பயந்து செய்தாரா, எனக்குத் தெரியாது. எது என்றாலும் சரி.

மடிப்பு மிஷின் அக்காவைக் கூட்டிக்கொண்டு, எனக்கு வைத்தியம் பார்த்த பெண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இந்த நோயைக் குணப்படுத்துகிறேன் என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்று அவர்தான் சொன்னார். மனு எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்றும் சொன்னார். திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் வரிசையில் நின்றேன். முதியோர் பென்ஷன், பட்டா, குடிதண்ணீர் என்று முன்னால் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். பின்னால் நின்ற கிழவர் "உனக்கு என்ன தாயி குறை?" என்று கேட்டார். "ஒருத்தரு கடைய மூடணும்," என்றேன்.

விசாரணை தொடங்கியதும் அந்த ஓமியோபதிக்காரர் அச்சகத்துக்கு வந்தார். இப்போது என்னை அடையாளம் தெரிந்திருந்தது. வேட்டி கசங்கியிருந்தது.

"அம்மா, உங்க குடும்பம் கலையக்கூடாதுன்னுதானே அன்னைக்கு நான்... ஒரு பெரிய மனுசன் உங்ககிட்டக் கெஞ்சுறேன். மனுவை வாபஸ் வாங்குங்க. என்னால தூங்க முடியல."

மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். "கனவுல தீ வருதா?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"வலி கூடுதுன்னா நல்ல அறிகுறிங்கய்யா. உள்ள இருக்கிறது வெளிய வருதுன்னு அர்த்தம். பயப்படாதீக."

அவர் எழுந்து போனார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வயதானவர் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

சுவரில் இருந்த சான்றிதழ் தபாலில் வாங்கியது என்று விசாரணையில் தெரிந்தது. சுகாதாரத் துறை ஆட்களும் போலீசும் வந்து அறையைப் பூட்டி அரக்கு வைத்த நாள், நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். குப்பிகளை அட்டைப்பெட்டியில் அள்ளி இறக்கினார்கள். கிலுகிலுவென்று சத்தம் கேட்டது. எத்தனை பெண்கள் நாக்குக்கு அடியில் வைத்தார்களோ. அவர்களுக்காகத்தான் செய்தேன் என்று மடிப்பு மிஷின் அக்கா எல்லோரிடமும் சொல்வாள். நான் திருத்துவதில்லை. ஆனால் உண்மை அதுவல்ல. அந்தக் கதவில் பூட்டுத் தொங்குவதை நான் பார்க்க வேண்டியிருந்தது.

மிச்சம் இருந்தது அவன்.

அவனுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள் என்று அதே அக்காதான் சொன்னாள். சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். அக்காவுக்குச் சொந்தக்காரர்கள் இருந்த ஊர். பெண் பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் அடைக்கிறவள். முதல் மனைவி சீக்குக்காரி என்பதால் தீர்த்துவிட்டதாகச் சொல்லிப் பெண் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. பஸ் ஏறிப் போனேன்.

அந்தப் பெண் தெருக்குழாயில் குடம் வைத்துவிட்டு நின்றிருந்தாள். இருபத்து நான்கு வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்த தோல். நான் யார் என்று சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன, வாழ விடமாட்டீகளா?"

ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது, அவள் நகர்த்தவில்லை. சீட்டை முழுதாக வாசித்தாள்.

"இதை எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதீக? எம்மேல இரக்கமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல," என்றேன். "அவன் நல்லா இருக்கக் கூடாது. அதான்."

அவள் குழாயை அடைத்தாள். "இரக்கத்துல வந்தேன்னு சொல்லியிருந்தீகன்னா நம்பியிருக்க மாட்டேன்," என்றாள். "ஆனா நான் சொன்னா எங்கப்பா கேக்க மாட்டாரு. வர்ற வெள்ளிக்கிளம பரிசம். நீங்க வாங்க. எல்லாரும் இருக்கையில வாங்க."

வெள்ளிக்கிழமை காலை போனேன். வாசலில் பந்தல். ஜமுக்காளத்தில் இரண்டு வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளங்களில் பூ, பழம், புடவை. அவன் வெள்ளைச் சட்டையில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழப் போனான், எழவில்லை. மாமியார் எழுந்துவிட்டார்.

"சீக்குக்காரி! இங்கன எதுக்குலே வந்தா இவ? யாராவது வெளிய பிடிச்சுத் தள்ளுங்க!"

உள்ளேயிருந்து பெண் வாசல்நிலைக்கு வந்தாள். "நான்தான் வரச் சொன்னேன். அவுக பேசட்டும்," என்றாள்.

நான் நீளமாகப் பேசத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். மூன்று வருடமாக மனதுக்குள் எழுதித் திருத்திய பேச்சு. அத்தனை முகங்களைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"உனக்கு எந்த ஊருல ஊசி போட்டாக? அதை மட்டும் சொல்லு."

முதல் தடவையாக அவனை ஒருமையில் கூப்பிட்டேன். அவன் கழுத்து சிவந்தது.

"அது எப்பவோ போட்டது," என்றான். "அது எனக்கு எப்பவோ சரியாயிருச்சு."

அவன் வாய் இன்னும் திறந்தே இருந்தது. மாமியார் மெல்ல அவன் பக்கம் திரும்பினார். அந்த அம்மாவுக்கு உண்மையாகவே தெரியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மகன் சொன்னதை நம்பியிருக்கிறார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் அந்த முகம் மாறியதைப் பார்க்கக் கிடைத்தது.

பெண்ணின் அப்பா எழுந்து தோளில் துண்டை உதறிப் போட்டார். "தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க," என்றார். ஒவ்வொரு தாம்பாளமாக எடுத்தார்கள். கடைசித் தட்டு வெளியே போகும்வரை அங்கேயே நின்றேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. பெண்ணின் சித்தி ஒருத்தி நான் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் சீட் கிடைத்தது. வழி நெடுக எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

அவனுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் பெண் கொடுக்கவில்லை. காலண்டர்க் கம்பெனியிலும் பேச்சு பரவி, ஆர்டருக்குப் போகிற இடத்தில் எல்லாம் கூட வருகிறவர்கள் கேலி செய்ய, வேலையை விட்டுவிட்டான். வெளியூரில் இருக்கிறான் என்று கேள்வி. எனக்கும் ஒன்றும் சும்மா முடியவில்லை. இரண்டாம் தாரமாகக் கூட யாரும் கேட்டு வரவில்லை. அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கினார்கள். நான் நோய் குணமானவள், அது தண்ணீரில் ஒட்டாது என்று எத்தனை பேரிடம் போய்ச் சொல்வது? மாதத்தில் நான்கு நாள் வலி இன்றும் உண்டு.

அந்தப் பெண் பிறகு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் ரத்தம் பார்த்துக்கொண்டார்களாம். அவள்தான் கண்டிப்பாகச் சொன்னாளாம். போன மாதம் கைக்குழந்தையோடு அச்சகத்துக்கு வந்து மிட்டாய் கொடுத்தாள். "தூக்குங்கக்கா," என்றாள். தூக்கினேன். குழந்தை என் விரலை வாயில் வைத்துக்கொண்டது. இவளுக்காக நான் போகவில்லை, அவன்மேல் இருந்த வெறியில்தான் போனேன். ஆனாலும் அந்தக் குழந்தையைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சில நாள் கழித்து மாமியார் வந்தார். தனியாக. மெலிந்திருந்தார். பேப்பர் ரீம்மேல் உட்காரச் சொன்னேன். ஊரில் பேசித் தீர்த்தது சட்டத்துக்குச் செல்லாது, நான் கையெழுத்துப் போட்டால்தான் கோர்ட்டில் சம்மதமாகப் பிரியலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தூரத்து ஊரில் ஓர் இடம் வந்திருக்கிறதாம், அவர்கள் கோர்ட் பேப்பர் கேட்கிறார்களாம்.

"நாந்தான் உன்னத் தப்பாப் பேசிட்டேன் தாயி. என்ன மன்னிச்சுரு. ஒரு கையெழுத்துதான்."

"அந்த ஊருப் பொண்ணுக்கு எல்லாம் சொல்லிட்டீகளா?"

அவர் ரீமில் சுற்றியிருந்த பழுப்புப் பேப்பரை நகத்தால் கீறினார்.

"எந்த ஊரு அத்தை?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அழுகை நிஜம்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

"எம்புட்டு நாளைக்குத்தான் இப்படி வச்சிருப்ப?"

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல அத்தை. அவருக்குத்தான் வயசு போகுது."

அவர் படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நான் சொன்னது எனக்கே பிடித்திருந்தது. இன்னொரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.